ஆஸ்பத்திரிக்குள் மரப்பாலம்: கட்டும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

எங்கள் மருத்துவமனை வளாகத்தை ஓர் ஓடை இரண்டாகப் பிரிக்கிறது. முன்பக்கம் அவசர சிகிச்சை, அறுவை அரங்கு, வார்டுகள். பின்பக்கம் டயாலிசிஸ் கட்டடம், சலவைக்கூடம், ஜெனரேட்டர் அறை. இரண்டையும் இணைத்துக்கொண்டிருந்த பழைய மரப்பாலம் ஒரு மழைக்காலத்தில் ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. பராமரிப்புப் பிரிவு என் பொறுப்பில் இருந்ததால் புதுப்பாலம் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. ஏழு மீட்டர் நீளப் பாலம்தானே, ஒரே தாவலில் தாண்டிவிடலாம் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம். கடைசியில் ஒதுக்கிய பணத்துக்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போனது. காலம் இரண்டு மடங்கு ஆனது. நடுவில் ராஜினாமாக் கடிதம் எழுதி மேஜை டிராயரில் வைத்திருந்தேன் என்றால் நிலைமை புரியும். இத்தனைக்கும் மரம் எங்களை ஏமாற்றவில்லை. மரம் சொன்ன பேச்சைக் கேட்டது. ஆஸ்பத்திரிதான் கேட்கவில்லை. இதே மாதிரி ஒரு வேலை யார் தலையிலாவது விழுந்தால் அவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்வி, “இந்தக் காலத்தில் மரத்திலா?” என்பது. காரணம் இருந்தது. ஓடைக்கரை மண் இளகல். கான்கிரீட் கன மீட்டருக்கு சுமார் 2,400 கிலோ. பைன் மரம் அதில் கால்வாசிக்குக் கிட்டத்தட்டத்தான் வரும். மேலே பாரம் குறைந்தால் கீழே அஸ்திவாரமும் சிறிதாகும். பட்டறையில் அறுத்துத் துளை போட்டு, மரம் இற்றுப்போகாமலிருக்க மருந்தேற்றிக் கொண்டுவந்தால் சைட்டில் கிரேன் வைத்துச் சில நாளில் தூக்கி வைத்துவிடலாம். கான்கிரீட் என்றால் வார்டு ஜன்னலுக்குக் கீழே சாரம், சென்ட்ரிங், மிக்ஸர் சத்தம், பிறகு அது இறுகும்வரை காத்திருப்பு. நோயாளிகள் படுத்திருக்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. எனவே மரம் என்ற முடிவில் எனக்கு இன்றும் வருத்தம் கிடையாது.

வருத்தமெல்லாம் முதல் கடிதத்தில் தொடங்குகிறது. வடிவமைப்பாளருக்கு நிர்வாகத்திலிருந்து போன கடிதத்தில் “ஆம்புலன்ஸ் செல்லும் பாலம்” என்று இருந்தது. அவரும் அதன்படியே ஐந்து டன் வண்டிக்குக் கணக்குப் போட்டுப் படம் வரைந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குள் வரும் வண்டிகளில் ஆம்புலன்ஸ்தான் கிட்டத்தட்ட மிக இலகுவானது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கரைகளில் பாலத்தின் முனைகளைத் தாங்கும் தாங்குசுவருக்குக் கான்கிரீட் போட்டு முடித்த நேரத்தில், தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்றுக்காக ஓர் அதிகாரி பார்வையிட வந்தார். படத்தை ஒரு நிமிடம்தான் பார்த்தார். “பின்னால இருக்குற கட்டடம் எரிஞ்சா எங்க வண்டி எப்படிப் போகும்?” என்றார். தண்ணீர் நிரப்பிய சாதாரணத் தீயணைப்பு வண்டியே பதினைந்து டன்னைத் தாண்டும். ஏணி வைத்த வண்டி என்றால் இன்னும் எவ்வளவோ மேலே. டயாலிசிஸ் கட்டடத்துக்குப் போக வேறு வழியும் கிடையாது. போட்ட தாங்குசுவரில் ஒரு பகுதியை உடைத்து அகலப்படுத்தினோம், தளத்தின் கனத்தைக் கூட்டினோம், படத்தைத் திரும்ப வரைந்தோம். கூடுதல் செலவில் பெரும்பகுதி இந்த ஒரு வரியால் போனதுதான்.

ஆகவே படம் வரையச் சொல்வதற்கு முன், அந்தப் பக்கம் எந்தெந்த வண்டி போகக்கூடும் என்று ஒரு முழுப்பட்டியல் எடுங்கள். ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் லாரி, தண்ணீர் டேங்கர், மருத்துவக் கழிவு வண்டி, கழிவுநீர் உறிஞ்சும் வண்டி, சலவை மூட்டை ஏற்றிவரும் வண்டி, எல்லாமும். கூடவே, இன்னும் சில வருடத்தில் பின்னால் இன்னொரு மாடி எழுப்புவார்கள், அப்போது கான்கிரீட் மிக்ஸர் லாரியும் கிரேனும் இதே பாலத்தின் மேல்தான் போயாக வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய் அவர்களிடம் உள்ள கனமான வண்டியின் மொத்த எடை, ஒவ்வொரு ஆக்சிலிலும் எவ்வளவு இறங்குகிறது, ஆக்சில்களுக்கு இடையே தூரம், வண்டியின் அகலம், திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மொத்த எடையைவிட ஆக்சில் எடைதான் குட்டைப் பாலத்துக்கு முக்கியம். ஏனென்றால் ஏழு மீட்டர் பாலத்தில் வண்டி முழுதாக ஏறி நிற்பதே அபூர்வம், பின் ஆக்சில்கள்தான் தளத்தை அமுக்கும். ஏணி வண்டி கால் ஊன்றி நிற்கும் இடம் எது என்றும் கேட்டுவிடுங்கள். அந்தக் கால்கள் ஒரு தட்டு அகலத்தில் பெரும்பாரத்தை இறக்கும். அந்த இடம் பாலத்தின் மேல் வரவே கூடாது.

ஆக்சிஜன் விஷயம் தனிக்கதை. திரவ ஆக்சிஜன் தொட்டியைப் பின்பக்கம் வைப்பதாகத் திட்டம். பாலத்தை ஒட்டியே டேங்கர் நின்று இறக்கும். சப்ளை செய்பவர்களின் பாதுகாப்புப் பொறுப்பாளர் இடத்தைப் பார்த்துவிட்டு முடியவே முடியாது என்றார். எங்களுக்கு முதலில் அவர் வீம்பு பிடிப்பதாகத்தான் பட்டது. அவர் விளக்கியபின் வயிற்றைக் கலக்கியது. மைனஸ் 183 டிகிரியில் கொதிக்கும் அந்தத் திரவம் கசிந்து தாரிலோ மரத்திலோ ஊறினால், அந்த இடம் ஓர் அடி பட்டாலே வெடிக்கக்கூடிய பொருளாக மாறிவிடும். எனவே இறக்கும் குழாய்க்குக் கீழே எரியாத, உறிஞ்சாத தரை, அதாவது சுத்தமான கான்கிரீட், இருக்க வேண்டும். தாரும் ஆகாது, மரமும் ஆகாது. டேங்கர் பாலத்தைக் கடந்து போவது வேறு, அதன் அருகே நின்று இறக்குவது வேறு. தொட்டியை முன்பக்கம் சாலையோரத்துக்கு மாற்றினோம். குழாய்ப் பாதை, வேலி, அனுமதி எல்லாம் முதலிலிருந்து. ஓடைக்கு மேலே பாலத்தின் அடியில் ஆக்சிஜன் குழாயைத் தொங்கவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. நல்லவேளை, அது கூட்டத்திலேயே செத்தது.

வேலை தொடங்கிய நாட்களிலேயே வந்தது வேறு வகைச் சோதனை. மண் தோண்ட ஆரம்பித்த அன்றே தொற்றுத்தடுப்பு மருத்துவர் ஓடிவந்து நிறுத்தினார். தோண்டும் மண்ணிலிருந்தும் இற்ற மரத்திலிருந்தும் கிளம்பும் தூசியில் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், உறுப்பு மாற்றிக்கொண்டவர் போன்ற எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு நுரையீரலில் போய் உட்கார்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஓடையைப் பார்த்த ஜன்னல்களை ஒட்டி மூடி, மண்ணை நனைத்து நனைத்துத் தோண்டி, லாரியைத் தார்ப்பாய் போட்டு மூடி அனுப்பிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. அடுத்து பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறங்கும் அஸ்திவாரத் தூண், இறக்குவதற்கு வந்த சுத்தியல் இயந்திரம். முதல் அடி விழுந்தவுடன் கண் அறுவை அரங்கிலிருந்து போன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைத்துக்கொண்டிருப்பவரின் பார்வையில் எல்லாம் ஆடியிருக்கிறது. அடித்து இறக்கும் பைலை விட்டுவிட்டுத் துளைத்துப் போடும் பைலுக்கு மாறினோம். அதற்கு வேறு இயந்திரம், வேறு ஆள், வேறு ரேட். இதற்கெல்லாம் டெண்டரில் ஒரு வரிகூடக் கிடையாது என்பதால் கான்ட்ராக்டர் காத்திருந்த ஒவ்வொரு நாளுக்கும் பில் போட்டார். அவர் போட்டதில் தப்பும் இல்லை. டெண்டர் எழுதும்போதே தொற்றுத்தடுப்பு மருத்துவர், அறுவை அரங்குப் பொறுப்பாளர், எம்ஆர்ஐ அறைக்காரர் மூவரையும் உட்கார வைத்து, எந்த நேரத்தில் எது கூடாது என்று எழுதி வாங்கி அதை டெண்டரிலேயே சேர்த்துவிடுங்கள்.

பழைய பாலத்தைப் பிரித்தது மட்டும் எனக்குக் கிடைத்த இலவசப் பாடம். உத்தரங்களின் நடுப்பகுதி கல் மாதிரி இருந்தது, ஆணி இறங்க மறுத்தது. இரண்டு முனைகளிலும் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை உள்ளே போனது, வெளியே இழுத்தால் ஈரமான பழுப்புத்தூள். முனைகளைக் கான்கிரீட்டுக்குள் புதைத்து, சுற்றிச் சிமென்ட் பூசி ‘அழகாக’ முடித்திருந்தார்கள். மேஸ்திரி அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, “சார், இதுக்கு மூச்சு விட வழியே இல்ல. ஊத்துன தண்ணி ஊத்துன எடத்துலயே கிடக்குது” என்றார். மரம் நனைவது பிரச்சினையே இல்லை, நனைந்தது காயாமல் இருப்பதுதான் பிரச்சினை. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை மரத்தை இற்றுப்போக வைக்கும் பூஞ்சை வளராது. வெட்டுமுனை வழியாகத் தண்ணீர் ஏறும் வேகம் பக்கவாட்டில் ஏறுவதைவிடப் பல மடங்கு. புதுப்பாலத்தில் மரமுனைக்கும் தாங்குசுவரின் பின்சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு இடைவெளி விட்டோம். கான்கிரீட்டின் மேல் ரப்பர் பட்டை வைத்து அதன் மேல்தான் மரம். தாங்குசுவரின் தலையில் சரிவு கொடுத்ததால் தண்ணீர் நிற்காது. வெட்டுமுனைகளுக்குத் தகடு மூடி. இந்த இடைவெளியில் ஆறு மாதத்தில் இலையும் மண்ணும் சேர்ந்துவிடும். தோட்ட வேலை செய்பவரின் மாத வேலைப் பட்டியலில் அதைச் சேர்த்துவிட வேண்டும், இல்லையென்றால் விட்ட இடைவெளிக்கு அர்த்தமில்லை.

எந்த வகை மரப்பாலம் என்பதிலும் நிறைய அலைந்தோம். ஒரு வடிவமைப்பாளர் அழகான வளைவுச் சட்டகத்தைக் காட்டினார், நிர்வாகத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எனக்கு நார்வேயின் டிரெட்டன் பாலம் ஞாபகத்துக்கு வந்தது. 2012ல் திறந்த ஒட்டுமரச் சட்டகப் பாலம், அதாவது பலகைகளைப் பசையால் ஒட்டிச் செய்த உத்தரங்களைச் சட்டகமாகக் கோத்தது. 2022 ஆகஸ்ட் 15 அன்று ஒரு லாரியும் ஒரு காரும் மேலே இருக்கும்போதே ஆற்றில் விழுந்தது. இரண்டு ஓட்டுநர்களும் பிழைத்தார்கள். அங்கே முறிந்தது மரமும் உலோகத் தகடும் சேரும் இணைப்பில். மரப்பாலத்தின் பலவீனம் பெரும்பாலும் இணைப்பில்தான் இருக்கிறது. இவ்வளவு குட்டையான பாலத்துக்கு இணைப்பே குறைவான வடிவம் போதும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அப்படித்தான் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கம் பக்கமாக அடுக்கி, குறுக்கே உயர்வலிமை இரும்புக் கம்பிகளைச் செலுத்தி இறுக்கும் தளத்துக்கு வந்தோம். 1976ல் கனடாவின் ஒண்டாரியோவில் பிறந்த முறை இது. ஆணியடித்துச் சேர்த்த பழைய தளங்கள் சக்கரம் ஏறி ஏறித் தளர்ந்து, பலகைகள் விலகி, மேலே போட்ட தார் வெடித்து, தண்ணீர் உள்ளே போவதைச் சரிசெய்யக் கண்டுபிடித்தார்கள். ஒரு புத்தகத்தை இரு கைகளால் பக்கவாட்டில் அழுத்தித் தூக்கினால் தாள்கள் நழுவாமல் நிற்பது போலத்தான் இதுவும். உராய்வுதான் பாலத்தைப் பாலமாக வைத்திருக்கிறது. எங்கள் தளத்தின் கனம் 350 மில்லிமீட்டர்.

மரம் வந்து இறங்கியபோது எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தோன்றியது. ஈரமானியை வைத்துப் பார்த்தால் சில பலகைகள் கணிசமாக ஈரம். “மருந்தேற்றியதால் அப்படித்தான் காட்டும்” என்றார் கான்ட்ராக்டர். அதில் பாதி உண்மை இருக்கிறது, சில மருந்துகளின் உப்பு அந்தக் கருவியைக் குழப்பும். அந்த மருந்துக்கான திருத்த அட்டவணையை வாங்கிப் பார்த்தும் ஈரம் அதிகம்தான். மரம் காயும்போது நீளவாட்டில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாட்டில்தான் சுருங்கும். எங்கள் பாலத்தை இறுக்கிப் பிடித்திருப்பதும் குறுக்குவாட்டில்தான். பின்னால் வந்த தலைவலிக்கு விதை இங்கேதான் விழுந்தது. பலகை இறங்கும் அன்றே, லாரியிலிருந்து இறக்குவதற்கு முன், கலந்து கட்டிச் சில பலகைகளை எடுத்துப் பாருங்கள். திருப்பி அனுப்பும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

மருந்தைப் பற்றி ஆஸ்பத்திரிக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பேசப்பட்டது கிரியோசோட் என்ற தார் எண்ணெய். பாலத்துக்கு அது பல காலமாகப் பழகிய மருந்து. மாதிரிப் பலகை ஒன்றை வெயிலில் வைத்த மறுநாளே நெஞ்சு நோய் வார்டிலிருந்து புகார் வந்தது, நெடி. கையில் பட்டால் எரியும், கைப்பிடியில் பூசினால் வெயிலில் பிசுபிசுக்கும். ஆர்சனிக் கலந்த சிசிஏ மருந்தை மக்கள் கைபடும் இடங்களில் பல நாடுகள் கட்டுப்படுத்திவிட்டன. நாங்கள் ஆர்சனிக் இல்லாத செம்பு மருந்துக்குப் போனோம். செம்பு மருந்துக்கு ஒரு குணம், இரும்பையும் துத்தநாகத்தையும் அரிக்கும். உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டோ எவர்சில்வரோதான் வேண்டும் என்று எழுதியிருந்தும், கைப்பிடிக்கு வந்தது மெல்லிய முலாம் பூசிய போல்ட். ஒரே மழைக்காலத்தில் ஒவ்வொரு போல்ட்டின் கீழேயும் செங்கோடு வழிந்தது. எல்லாவற்றையும் மாற்றினோம். இன்னொன்று, துளை, வெட்டு எல்லாம் மருந்தேற்றுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். மருந்து வெளியே வெள்ளைப் பகுதியில்தான் நன்றாக ஏறும். சைட்டில் நின்று ஒரு துளை போட்டால் மருந்தே படாத உள்மரம் திறந்துகொள்ளும். தவிர்க்க முடியாமல் போட்ட துளைகளில் செம்பு நாப்தினேட் என்ற மருந்தை ஊற்றிப் பூச வைத்தேன். நான் பக்கத்தில் நின்றபோதுதான் அது நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெட்டித் தள்ளிய துண்டுகளை யாரும் எரிக்க எடுத்துப் போகாமல் பூட்டி வையுங்கள். மருந்தேற்றிய மரத்தின் புகையும் சாம்பலும் நஞ்சு.

இனி அந்தத் தலைவலி. கம்பிகளை ஜாக்கி வைத்து இறுக்கினார்கள், எல்லோரும் கைதட்டினோம், நிர்வாகம் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்தது. ஜாக்கி அன்றே லாரியேறிப் போய்விட்டது. இந்த வகைத் தளத்தை ஒருமுறை இறுக்கினால் போதாது. அழுத்தத்தில் மரம் மெதுவாக அமுங்கிக் கொடுக்கும், ஈரம் காயும்போது சுருங்கும், கம்பியின் இழுவை இறங்கிக்கொண்டே போகும். ஒருமுறை மட்டும் இறுக்கி விட்டால் எண்பது சதவீதம்வரை இழுவை போய்விடலாம். அதனால்தான் ஒன்றிரண்டு வாரத்தில் இரண்டாம் முறையும், அடுத்த ஒன்றிரண்டு மாதத்துக்குள் மூன்றாம் முறையும் இறுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். வடிவமைப்புக் கணக்கும் அறுபது சதவீதம் போனாலும் தாங்கும்படி முதலில் இரண்டரை மடங்கு இறுக்கச் சொல்கிறது. இது வடிவமைப்பாளரின் குறிப்பில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கான்ட்ராக்டரின் ரேட்டில் ஒரு முறைக்கு மட்டும்தான் காசு இருந்தது. இரண்டுக்கும் நடுவே பாலம் திறந்துவிட்டது. சில வாரத்தில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் வந்து, “சார், நடுவுல போறப்ப ஏதோ நெறநெறங்குது” என்றார். கீழே இறங்கிப் பார்த்தேன். வெளிப்பலகையில் கம்பி முனைத் தகட்டின் ஓரம் மரத்துக்குள் பிறைபோலப் பதிந்திருந்தது. சில நட்டுகள் கையால் திருகினால் சுற்றின.

பாலத்தை மூட வேண்டும். ஆனால் டயாலிசிஸ் நோயாளிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாக வேண்டும், மூட முடியாது. எடையைக் குறைத்து, ஆளைப் போட்டு, வண்டிகளை ஒன்றொன்றாக அனுப்பினோம். தீயணைப்பு வண்டிக்கு அந்தக் காலம் முழுக்க வழியில்லை என்பதால், பின்பக்க மதிலை உடைத்துத் தற்காலிக வாசல் வைத்தோம். ஜாக்கி திரும்பக் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது, பணம் யார் தருவது என்று கடிதப் போர். அந்த நாட்களில் இரவு மழை பெய்தால் தூக்கம் வராது. ஒவ்வொரு சைரனுக்கும் எழுந்து உட்காருவேன். கடைசியில் பெரிய தகடுகள் போட்டு, எல்லாக் கம்பிகளையும் வரிசை மாற்றி மாற்றிப் பலமுறை சுற்றி இறுக்கினார்கள். (ஒரு கம்பியை இறுக்கினால் பக்கத்துக் கம்பி தளரும், எனவே ஒரே சுற்றில் முடியாது.) மூன்று இறுக்கலுக்கும் தனித்தனி ரேட் கேளுங்கள். கடைசி இறுக்கல் முடியும்வரை பில்லில் கணிசமான ஒரு பகுதியைப் பிடித்து வையுங்கள். திறப்பு விழாத் தேதியை இரண்டாம் இறுக்கலுக்குப் பிறகு வையுங்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி. உடைத்த அந்த மதில் வாசலை நாங்கள் பிறகு மூடவேயில்லை, கேட் போட்டு நிரந்தரமாக்கிவிட்டோம். ஒரே வழியை நம்பி ஒரு கட்டடம் இருக்கக்கூடாது என்று தீயணைப்பு அதிகாரி தொடக்கத்திலேயே சொன்னார்.

தீயைப் பற்றிப் பலரும் பயப்படுவார்கள். கனமான மரம் மேலிருந்து நிமிடத்துக்கு முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாகத்தான் கரியும். அரை மணி எரிந்தாலும் இருபது மில்லிமீட்டர் அளவுதான் போகும், உள்ளே இருப்பது பாரத்தைத் தாங்கும். எங்களுக்கு நிஜமான ஆபத்து பாலத்துக்கு அடியில் சருகு குவித்துக் கொளுத்துவதுதான். கம்பிவலை போட்டு அடைத்தோம்.

பாலத்தின் மேல் வண்டி மட்டுமா போகிறது? ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி, துணி டிராலி எல்லாம் போகும். சின்னச் சக்கரத்துக்கு ஒரு விரல் அகல இடுக்கு போதும், குறுக்கே திரும்பி நின்றுவிடும். வெறும் பலகை மழையில் பாசி பிடித்து வழுக்கும், இரவில் வண்டி போனால் தடதடவென்று வார்டு முழுக்கக் கேட்கும். நீர்புகாப் படலம் ஒட்டி அதன் மேல் தார் போட்டதில் இவை எல்லாம் அடங்கின. நடப்பவர்களுக்குத் தனியாக உயர்த்திய பாதை, ஏறும் இடத்தில் பன்னிரண்டுக்கு ஒன்றைத் தாண்டாத சரிவு. நாங்கள் சரியாகப் பிடிக்காமல் விட்டிருந்தால் பெரும் அவஸ்தையாகியிருக்கும் ஒரு விஷயம், பாலமும் சாலையும் சேரும் இடம். தாங்குசுவருக்குப் பின்னால் கொட்டிய மண் அமுங்கி அங்கே ஒரு படி விழும். காரில் போகிறவருக்கு அது ஒரு குலுக்கல். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருப்பவருக்கு அது உயிர் போகும் வலி. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி ஒவ்வொரு அடுக்கையும் கெட்டிப்படுத்த வைத்தோம், மேலே கான்கிரீட் பலகம் ஒன்று. மண்ணைக் கெட்டிப்படுத்துவதில் நான் காட்டிய கண்டிப்புக்குச் சைட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர்கூட உண்டு.

மரப்பாலம் வெள்ளத்தில் மிதக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. எங்கள் தளத்தில் மரம் மட்டும் கிட்டத்தட்ட பன்னிரண்டு கன மீட்டர், எடை சுமார் ஆறரை டன். முழுக்க மூழ்கினால் தண்ணீர் பன்னிரண்டு டன்னோடு மேலே தள்ளும். தாரின் எடையைக் கழித்தாலும் சுமார் மூன்று டன் தூக்குவிசை மிச்சம். தாங்குசுவரோடு நங்கூரப் போல்ட் போட்டுக் கட்டாத பாலம் ஒரு பெருவெள்ளத்தில் கிளம்பிப் போய்விடும். ஓடையில் நடுத்தூண் வைக்கச் சொன்ன யோசனையையும் மறுத்தேன், மிதந்து வரும் கிளைகள் அதில் சிக்கி அணை கட்டும். பாலத்தின் அடியில் தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் எதையும் தொங்கவிட அனுமதிக்காதீர்கள். எல்லா இணைப்பும் ஒருநாள் கசியும், பீய்ச்சும் தண்ணீர் மரத்தைத்தான் நனைக்கும்.

எடைச் சோதனை எளிது, கட்டாயம் செய்யுங்கள். எடைமேடையில் நிறுத்தி எடை எழுதிய லாரியைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, கீழே அளவுமானி வைத்துத் தளம் எவ்வளவு தாழ்கிறது என்று பாருங்கள். நீளத்தை 425ஆல் வகுத்து வருவதைத் தாண்டக்கூடாது என்பது பல இடங்களில் பின்பற்றும் அளவு. ஏழு மீட்டருக்கு அது பதினாறரை மில்லிமீட்டர். எங்களுடையது பதினொன்று. லாரி போனபின் பழைய இடத்துக்கே திரும்பியதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடம் ஒப்பிட உதவும். வெயில் காலத்தில் பலகைகளில் நார் வழியே சிறு வெடிப்புகள் வரும், அவற்றுக்குப் பதற வேண்டாம். போல்ட் துளையிலிருந்து முனைவரை ஓடும் பிளவுதான் ஆளைக் கூப்பிட வேண்டியது.

கடைசியாகக் கைமாற்றும்போது கேட்டு வாங்க வேண்டியவை: கட்டியபடி வரைந்த படம், மருந்து ஏற்றிய சான்று, ஒவ்வொரு கம்பியிலும் கடைசி இறுக்கலில் நின்ற இழுவை அளவு, சில உபரி நட்டும் தகடும். கம்பியின் நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் சாதாரணக் கடைகளில் கிடைக்காத அளவு. ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றைப் பராமரிப்பு ஸ்டோரிலும் மற்றதைப் பாலத்தின் கோப்போடு அலுவலகத்திலும் வைத்திருக்கிறோம். ஜாக்கியை யாரிடமிருந்து வாடகைக்கு எடுப்பது, எவ்வளவு நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்பதையும் அந்தக் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதி ஒட்டியாயிற்று.